பழனி மலையில் ஒரு தரை ஆர்க்கிட்: புதிய சிற்றினமாக விவரிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தென்மேற்குப் பருவமழை பிடித்துச் சில வாரங்கள் ஆனதும், பழனி மலையின் மேல்மட்டப் புல்வெளிகளிலும் சோலை ஓரங்களிலும் மண்ணுக்கடியில் கிழங்காகக் கிடந்த தரை ஆர்க்கிட்கள் தழைத்து எழுகின்றன. ஜூலை தொடங்கி அக்டோபர் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து, மழை ஓய்ந்து பனி இறங்கும் காலத்தில் மேல்பாகம் காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. ஆண்டில் சில வாரங்களே கண்ணுக்குத் தெரியும் செடிகள் என்பதால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தாவரவியலாளர்கள் நடந்துபோன மலைத்தொடர்களில்கூடப் பெயரிடப்படாத ஒரு சிற்றினம் இன்னும் எஞ்சியிருக்க இடமுண்டு. கொடைக்கானலைச் சுற்றிப் பணிபுரியும் ஆய்வு மாணவரோ கல்லூரி ஆசிரியரோ இயற்கை ஆர்வலரோ அப்படியொரு செடியைக் கண்டுவிட்டதாக நம்பினால், அன்று தொடங்கி அதன் பெயர் அறிவியல் பதிவில் ஏறும்வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகக் காணலாம். செடியை வர்ணிப்பது இந்த வேலையில் சிறிய பகுதிதான். ஏற்கெனவே பெயர் பெற்ற சிற்றினங்களில் எதுவும் அது அல்ல என்று காட்டுவதற்கே பெரும்பாலான நேரம் செலவாகும் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

1. கண்ட இடத்தில்: பறிக்காமல் பதிவு செய்தல்

செடியைக் கண்டவுடன் பறிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் படமும் குறிப்பும் எடுக்க வேண்டும். முழுச்செடி, இலைகள் தண்டில் அமைந்துள்ள முறை, மஞ்சரி (பூங்கதிர்), ஒரு பூவின் முன்புறம், பக்கவாட்டுத் தோற்றம், பின்புறம் ஆகிய அனைத்தும் அளவுகோல் வைத்த படங்களாக இருக்க வேண்டும். பூவின் பின்னால் நீளும் தேன்குழல் முழுவதும், அதன் நுனி உட்பட, ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்; ஹேபனேரியா என்ற தரை ஆர்க்கிட் பேரினத்தில் அந்தக் குழலின் நீளமும் வளைவும் நுனிப் பருமனும் சிற்றினங்களைப் பிரிக்கும் முதன்மையான அடையாளங்களில் அடங்கும். நிறத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் காய்ந்த மாதிரியில் வெள்ளையும் பச்சையும் மஞ்சளும் ஒரே பழுப்பாகிவிடும். பகலில் மணமற்றதாகத் தோன்றும் பூவை இருட்டிய பிறகு மீண்டும் முகர்ந்து பார்ப்பது அவசியம்: வெண்ணிறமும் வெளிர்பச்சையுமான பூக்கள் பல அந்திக்குப் பிறகே மணம் விடுகின்றன, அவற்றைத் தேடி வருபவை விட்டில்பூச்சிகள். காட்டெருமை நடமாடும் பகுதியில் இருட்டிய பிறகு தனியாக நிற்கக் கூடாது என்பதால், இதற்கு வனக்காவலர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதே முறை.

அடுத்தது எண்ணிக்கை. அந்தச் சரிவில் அத்தகைய செடிகள் எத்தனை, அவற்றில் பூத்தவை எத்தனை, பூக்காமல் இலையோடு நிற்பவை எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். மண்ணின் தன்மை, சரிவு நோக்கும் திசை, நிழலின் அளவு, உடன் வளரும் புற்களும் செடிகளும், கடல் மட்டத்திலிருந்து உயரம், ஜி.பி.எஸ். அளவு ஆகியவையும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் அந்த அடையாளம் எல்லாச் செடிகளிலும் காணப்படுகிறதா, ஒரே செடியில் மட்டும்தானா? ஆர்க்கிட்களில் உதடு எனப்படும் சிறப்பு இதழ், சில வேளைகளில் தன் வடிவத்தை இழந்து மற்ற இரண்டு அல்லி இதழ்களைப் போலவே மாறிவிடுவதுண்டு. தேன்குழலும் அதோடு காணாமல் போய்விடும். இத்தகைய பிறழ்வு ஒரு செடியில் தோன்றினால் அது பிறழ்வு மட்டுமே. அருகருகே வளரும் இரு சிற்றினங்கள் கலந்து பிறந்த கலப்பினமும் இதேபோல் ஏமாற்றும். பத்துப் பதினைந்து செடிகளிலாவது அந்த அடையாளம் மாறாமல் இருப்பதையும், முடிந்தால் அடுத்த ஆண்டும் அப்படியே இருப்பதையும் பார்த்த பிறகே மேற்கொண்டு செல்வது நல்லது.

2. அனுமதி

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. மேல்மட்டப் புல்வெளிகளிலும் சோலைகளிலும் பெரும்பகுதி அதற்குள்ளோ காப்புக்காட்டு எல்லைக்குள்ளோ அடங்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யவும் எதையும் எடுக்கவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த சம்மதம் கட்டுரையின் நன்றியுரையில் எழுதுவதற்குக்கூட உதவாது. நல்ல ஆய்விதழ்கள் அனுமதி எண்ணையே கேட்கின்றன. விண்ணப்பத்தில் எத்தனை செடிகள், எந்தப் பாகங்கள், எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்பதைத் துல்லியமாக எழுதினால் பின்னால் கேள்விகள் குறையும்.

வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் உடன் பணியாற்றுவதாக இருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மாதிரி நாட்டு எல்லை தாண்டுவதாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது: ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பின்னிணைப்புகளில் இருக்கிறது. பெரு நாட்டில் கிடைத்த, பெரிய ஊதா நிறப் பூக்கொண்ட ஃப்ராக்மிபீடியம் கோவாச்சியை என்ற ஆர்க்கிட் 2002இல் விவரிக்கப்பட்டபோது, அந்தச் செடி உரிய அனுமதியின்றி அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்பட்டிருந்தது தெரியவந்து, கொண்டுவந்தவரும் விவரித்த தாவரவியல் தோட்டமும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தாவரப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதிகளின்படி பெயர் செல்லுபடியானது. அவப்பெயரும் அதோடு நிலைத்துவிட்டது.

3. பழைய பெயர்களைத் தேடுதல்

ஹேபனேரியா பேரினத்தில் மட்டும் உலகெங்கும் 800க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. கைவிடப்பட்ட பெயர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெரிது. தாவரப் பெயரிடலின் தொடக்கப் புள்ளி 1753ஆம் ஆண்டு மே 1. லின்னேயஸின் நூல் வெளிவந்ததாகக் கொள்ளப்படும் நாள் அது. அன்று முதல் இன்று வரை அந்தப் பேரினத்திலும் அதற்கு அண்மையான பேரினங்களிலும் வெளியான எந்தப் பெயரும் நம் செடிக்குப் பொருந்தக்கூடும் என்ற ஐயத்தோடுதான் தேட வேண்டும்.

தேடலை வீட்டுக்கு அருகிலிருந்து தொடங்கலாம். பழனி மலைக்கென்றே கே. எம். மேத்யூ அடிகளார் 1999இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட தாவர நூல் இருக்கிறது. அவருடைய மாதிரிகள் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரத் தொகுப்பில் உள்ளன. அதற்கு முன்னால் பி. எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை நீலகிரி, பழனி ஆகிய இரண்டு மலைகளின் 6,500 அடிக்கு மேற்பட்ட பகுதிகளுக்காக எழுதிய நூல் படங்களோடு கிடைக்கிறது. சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளின் நூலில் ஆர்க்கிட் பகுதியை அவர் மறைவுக்குப் பின் சி. இ. சி. ஃபிஷர் எழுதினார், 1928இல் வெளியான அந்தப் பகுதியின் அடையாளத் திறவுகோல் இன்றும் முதல் வடிகட்டியாகப் பயன்படுகிறது. இந்த மூன்றிலும் செடி பொருந்தவில்லை என்றால், பலர் அங்கேயே புதிய சிற்றினம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தேடல் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

காரணம், தென்னிந்திய மலைகளின் தரை ஆர்க்கிட்கள் தென்னிந்தியாவோடு நிற்பவை அல்ல. கொடைக்கானல் புல்வெளிகளில் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் சட்டிரியம் நேபாலென்ஸ் அதன் பெயர் சொல்வதுபோல இமயமலையிலும், தெற்கே இலங்கையிலும் வளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் நீலகிரியின் பெயரால் விவரித்த டிஸ்பெரிஸ் நீல்கெரென்சிஸ் இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு: இலங்கையிலும் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் தனித்தனிச் சிற்றினங்களாகப் பெயரிடப்பட்ட செடிகள், பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அதே சிற்றினம் என்று இணைக்கப்பட்டன. அந்தப் பெயர்களைச் சூட்டியவர்கள் தங்கள் நாட்டு நூல்களைப் பார்க்காதவர்கள் அல்லர். கடல் தாண்டி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை. ஆகவே இலங்கை, வடகிழக்கு இந்தியா, சிக்கிம், மியான்மர், தாய்லாந்து ஆகியவற்றின் நூல்களையும் புரட்டியே ஆக வேண்டும். சிக்கிம் ஆர்க்கிட்களுக்கு கிங், பான்ட்லிங் இருவரும் 1898இல் வெளியிட்ட நூல் பூவின் உட்பாகப் படங்களோடு இருப்பதால் மிகவும் பயன்தரும்.

நூல் வர்ணனையோடு செடி பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் வகை மாதிரியைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வர்ணனைகள் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். அவற்றில் எந்தச் செடியையும் பொருத்திவிடலாம். நம் மலைகளின் பழைய வகை மாதிரிகள் நம்மிடம் இருப்பதும் குறைவு. ஆர்க்கிட் அறிஞர் லிண்ட்லியின் தொகுப்பு லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. வைட்டின் மாதிரிகள் கியூவிலும் எடின்பரோவிலும் பிற இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. புதுச்சேரியிலிருந்து நீலகிரிக்குச் சென்ற பிரெஞ்சுக்காரரான பெரோட்டெ திரட்டிய ஆர்க்கிட்களை அஷீல் ரிஷார் 1841இல் பாரீஸில் விவரித்தார். நீலகிரி ஆர்க்கிட்களுக்கான பெயர்களில் கணிசமானவை அந்தக் கட்டுரையிலிருந்து வந்தவை, அவற்றின் மாதிரிகள் பாரீஸ் தொகுப்பில் உள்ளன. இந்தத் தொகுப்புகளின் மாதிரிப் படங்களில் பெரும்பாலானவற்றை இணையத்தில் உயர் தெளிவுத்திறனில் காண முடிகிறது. பெயர்களைத் திரட்ட ஐ.பி.என்.ஐ. என்ற பன்னாட்டுத் தாவரப் பெயர்ப் பட்டியலும் கியூவின் உலகத் தாவரத் தளமும், பழைய நூல்களைப் படிக்கப் பல்லுயிர் மரபு நூலகமும் போதும். படத்தில் தெரியாத ஒன்று, எடுத்துக்காட்டாகத் தேன்குழலின் வாயில் உள்ள சிறு புடைப்பு, தீர்மானிப்பதற்குத் தேவைப்பட்டால் அந்தத் தொகுப்பின் காப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். பணிவோடும் குறிப்பிட்ட கேள்வியோடும் எழுதப்படும் கடிதத்துக்கு அவர்கள் படம் எடுத்து அனுப்புவது வழக்கம்.

உள்நாட்டில் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மதராஸ் உலர்தாவரத் தொகுப்பை நேரில் சென்று பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. அங்கே நெருங்கிய சிற்றினத்தின் உறைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், பேரினத்தின் பெயர் மட்டும் எழுதி வைத்த, அடையாளம் காணப்படாத தாள்களையும் பார்க்க வேண்டும். நம் செடியை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எடுத்து, என்னவென்று தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கக்கூடும். அப்படிக் கிடைத்தால் அது ஏமாற்றம் ஆகாது: பரவலைப் பற்றியும் பூக்கும் காலத்தைப் பற்றியும் கூடுதல் சான்று கையில் கிடைக்கிறது.

இந்தத் தேடலின் விளைவை ஓர் அட்டவணையாக எழுதி வைக்க வேண்டும். நம் செடியை ஒரு பத்தியிலும், மிக நெருக்கமான இரண்டு அல்லது மூன்று சிற்றினங்களை அடுத்த பத்திகளிலும் வைத்து, இலை, பூவடிச் செதில், புல்லி இதழ், உதட்டின் மடல்கள், தேன்குழல், சூல்முடி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அட்டவணையில் உறுதியான வேறுபாடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது, அதுவும் அளவு சார்ந்தது என்றால், அடுத்த பருவம் வரை காத்திருப்பதே சரி என்பது என் கருத்து. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று வடிவ வேறுபாடுகள் சேர்ந்தே வரும்போதுதான் தனிச் சிற்றினம் என்ற வாதத்துக்கு வலு உண்டாகிறது.

4. மாதிரி எடுத்தல்

தரை ஆர்க்கிட்களில் பலவற்றுக்கு ஒரு நேரத்தில் இரண்டு கிழங்குகள் இருக்கும்: இந்த ஆண்டுச் செடியை வளர்த்துச் சுருங்கிக்கொண்டிருக்கும் பழையது ஒன்று, அடுத்த ஆண்டுக்காகப் பருத்துவரும் புதியது ஒன்று. பெயருக்கு ஆதாரமாகும் முதன்மை மாதிரிக்கு வேர், கிழங்கு, இலை, பூ அனைத்தும் கொண்ட முழுச்செடி தேவை. அதற்கு மேல் தேவைப்படுபவற்றுக்குக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட்டுப் பூங்கதிரை மட்டும் எடுத்தால் போதும். இருபதுக்கும் குறைவான செடிகளே இருக்கும் இடத்தில் ஒரு முழுச்செடிக்கு மேல் தோண்டுவதற்கு எந்த அறிவியல் நியாயமும் இல்லை. செடியை எடுத்துப் போய்த் தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். விதை முளைப்பதற்கு மண்ணில் உள்ள பூஞ்சையை நம்பியிருக்கும் குடும்பம் இது, வளர்ந்த செடிகளிலும் பல அந்த உறவைத் தொடர்கின்றன.

எடுத்த அன்றே நான்கு பங்காகப் பிரித்துக்கொள்வது எளிது. முழுச்செடியைச் செய்தித்தாளில் பரப்பி அழுத்திக் காய வைக்க வேண்டும். சதைப்பற்றுள்ள கிழங்கைப் பிளந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. சில பூக்களை 70 சதவீத எத்தனாலில், சிறிது கிளிசரின் சேர்த்து, இறுக மூடிய சிறு புட்டியில் போட வேண்டும். இலைத்துண்டு ஒன்றைத் தேயிலைப் பைக்குள் இட்டு சிலிக்கா ஜெல்லில் புதைத்து டி.என்.ஏ.வுக்காக வைக்க வேண்டும். மீதிப் பூக்களை ஈரத் துணி வைத்த டிபன் பெட்டியில் உயிரோடு வைத்துக்கொண்டு, மலையிலேயே தங்கி அன்றிரவோ மறுநாள் காலையோ அளந்துவிட வேண்டும். கொடைக்கானலின் குளிரில் இரண்டு நாள் வாடாமல் இருக்கும் பூ, வத்தலக்குண்டு வெக்கையில் இறங்கியவுடன் துவண்டுவிடும். நான்கு பங்குகளுக்கும் ஒரே சேகரிப்பு எண். மையில் எழுதிய சீட்டு எத்தனாலில் கரைந்துவிடும் என்பதால் புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும்.

மழைக்காலத்தில் தாள்களை நாளுக்கு இரண்டு முறை மாற்றாவிட்டால் மாதிரி கறுத்துவிடும். இந்தியத் தொகுப்புகளில் வழக்கமான ஒட்டுத்தாளின் அளவு ஏறத்தாழ 42 × 28 செ.மீ. என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செடியைப் பரப்ப வேண்டும். உயரமான செடியை வெட்டாமல் மடித்து வைக்கலாம்.

5. பூவைப் பிரித்துப் பார்த்தல்

ஹேபனேரியா வகைப் பூ ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் பக்கவாட்டில் கிடத்தி, முதலில் எதையும் வெட்டாமல் பார்க்க வேண்டும். சூற்பை முறுக்கியிருக்கிறதா? பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டு விரியும்போது சூற்பை அரைச்சுற்று முறுக்கி உதட்டைக் கீழே கொண்டுவருகிறது. சட்டிரியத்தில் அந்த முறுக்கு இல்லாததால் உதடு மேலே நின்று, அதிலிருந்து இரண்டு தேன்குழல்கள் பின்னோக்கி இறங்கும். பிறகு மேல்புல்லி இதழும் இரண்டு அல்லி இதழ்களும் சேர்ந்து கவிழ்ந்த கூரையாக நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதைக் குறித்துக்கொண்டு, இதழ்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் பரப்ப வேண்டும். அல்லி இதழ் ஒரே துண்டா, அடிவரை இரண்டாகப் பிளந்ததா. உதட்டின் மூன்று மடல்களில் நடுமடலும் பக்கமடல்களும் எந்த விகிதத்தில் இருக்கின்றன. விளிம்பு முழுமையானதா, இழையிழையாகக் கிழிந்ததா என்பவையெல்லாம் இப்போது தெரியும்.

எஞ்சி நிற்பது தூண். ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் இணைந்து உருவான பகுதி. அதன் இரு பக்கமும் மகரந்தப்பையின் அடிப்பகுதி இரண்டு சிறு கால்வாய்களாக முன்னோக்கி நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசிமுனையளவு பளபளக்கும் ஒட்டுத்தட்டு ஒன்று இருக்கும். மெல்லிய ஊசியால் அதைத் தொட்டால் தட்டு ஊசியில் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது, நீண்ட காம்பும் அதன் முனையில் மாவுருண்டைகள் நெருங்கியதுபோல் மகரந்தத் திரளும் கால்வாயிலிருந்து முழுமையாக வெளிவரும். பூச்சியின் உடலில் நடப்பது இதுவேதான். காம்பின் நீளத்தையும் திரளின் நீளத்தையும் தட்டின் வடிவத்தையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும்.

அடுத்து மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி. அது இரண்டு கைகளாக முன்னோக்கி நீண்டிருந்தால் ஹேபனேரியா என்றும், மெத்தைபோல் புடைத்து உதட்டின் அடியோடு ஒட்டியிருந்து தேன்குழலும் குட்டையாகப் பைபோல் இருந்தால் பெரிஸ்டைலஸ் என்றும் பொதுவாகப் பிரிப்பார்கள். பேரினமே தவறாகப் பிடிபட்டால் இதுவரை ஒப்பிட்ட சிற்றினங்கள் அனைத்தும் வீணாகிவிடும் என்பதால், இந்த ஓர் உறுப்பைக் குறைந்தது மூன்று செடிகளின் பூக்களிலாவது பார்க்க வேண்டும்.

அளவுகளில் முறை மாறக் கூடாது. சூற்பையைக் காம்போடு சேர்த்து அளந்தோமா, வளைந்த தேன்குழலை வளைவின் வழியே அளந்தோமா, நேர்க்கோட்டிலா, புல்லி இதழைத் தட்டையாக்கி அளந்தோமா என்பதை எழுதாவிட்டால் அடுத்தவர் ஒப்பிட முடியாது. பழைய உலர்மாதிரியின் பூவைக் காப்பாளரின் அனுமதியோடு வெந்நீரில் ஊற வைத்து விரித்துப் பார்க்கலாம், ஆனால் காய்ந்தபோது சுருங்கிய இதழ் ஊறிய பின்னும் பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்பாது. உயிர்ப்பூவின் அளவோடு அதை நேரடியாக ஒப்பிட்டுப் பெரிதென்று சொல்வது சரியாகாது.

6. டி.என்.ஏ. சான்று

விதிகளின்படி இது கட்டாயம் இல்லை. ஐ.டி.எஸ்., மேட்-கே போன்ற டி.என்.ஏ. பகுதிகளின் வரிசையை எடுத்துக் குடும்ப மரத்தில் செடியை வைத்துப் பார்ப்பது, பேரினம் எது என்று ஐயம் வரும்போது பேருதவி செய்யும். நெருங்கிய சிற்றினங்களின் வரிசைகள் பொதுத்தளங்களில் இல்லாமல் நம் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு வேறுபாடு காட்டுவதில் பொருளில்லை. கண்ணுக்கோ லென்ஸுக்கோ தெரியும் அடையாளம் எதுவும் இல்லாமல் வரிசையை மட்டும் நம்பிப் பெயரிடுவதை மலையில் வேலை செய்பவர்கள் விரும்புவதில்லை. அடுத்தமுறை அந்தச் செடியைக் காண்பவர் அதை எப்படி அடையாளம் காண்பார்?

7. எழுதுதலும் வரைதலும்

2012ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் வேறுபாட்டுக் குறிப்போ வர்ணனையோ இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். அதற்கு முன் பல பத்தாண்டுகள் இலத்தீன் கட்டாயமாக இருந்தது. தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. தமிழில் ஒரு சுருக்கத்தைத் தனியாக எழுதி வனத்துறையினருக்கும் ஊர்மக்களுக்கும் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை, கொடுக்கவும் வேண்டும்.

வேறுபாட்டுக் குறிப்பு இரண்டு மூன்று வாக்கியங்களில் அடங்க வேண்டும்: எந்தச் சிற்றினத்துக்கு மிக நெருக்கம், எந்தெந்த உறுப்பில் எப்படி வேறுபடுகிறது. அதை எழுத முடியவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டியதுதான். முழு வர்ணனை கிழங்கில் தொடங்கி, தண்டு, இலை, மஞ்சரி, பூவடிச் செதில், பூ, காய் என்று கீழிருந்து மேலாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் செல்லும். ஒவ்வோர் அளவும் சிறும முதல் பெரும வரை தரப்படும். காணாத உறுப்பை ஊகித்து எழுதாமல், காய் காணப்படவில்லை என்று எழுதிவிடுவது மரியாதையானது. இப்பகுதியில் வளரும் நெருங்கிய சிற்றினங்களுக்கான திறவுகோலும் சேர்ந்தால் கட்டுரை பலருக்கும் பயன்படும்.

படங்கள் எத்தனை இருந்தாலும் கோட்டோவியம் ஒன்று வேண்டும். இதழ்கள் அனைத்தையும் பிரித்து ஒரே அளவில் அடுக்கிக் காட்டுவதும், தூணை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டுவதும் ஓவியத்தில்தான் தெளிவாக வருகின்றன. வைட்டின் 2,101 தகடுகள் கொண்ட தாவரப்பட நூலில் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் வரைந்த பூவின் உட்பாகப் படங்கள் இன்றும் ஒப்பிடுவதற்குப் பயன்படுகின்றன. கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என்று ஒரு தரை ஆர்க்கிட் பேரினத்தையே வைட் நிறுவினார். அது பின்னர் டிராப்பிடியா பேரினத்தில் அடங்கிவிட்டது.

8. பெயர் சூட்டுதல்

சிற்றினப் பெயர் பேரினத்தின் இலத்தீன் பாலோடு ஒத்துப்போக வேண்டும். வெள்ளை என்ற ஒரே அடைமொழி ஹேபனேரியாவோடு அல்பா என்றும், பெரிஸ்டைலஸோடு அல்பஸ் என்றும், சட்டிரியத்தோடு அல்பம் என்றும் மாறும். அதே பேரினத்தில் அதே பெயரை உலகின் எந்த மூலையிலும் எவரும் முன்பே பயன்படுத்தியிருக்கக் கூடாது. கைவிடப்பட்ட பெயராக இருந்தாலும் அது தடையே. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது வழக்கத்தில் இல்லை.

இடப்பெயரைச் சூட்டும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரே ஒரு சோலையில் மட்டும் வளரும் செடிக்கு அந்தச் சோலையின் பெயரையே வைப்பது, திருடுபவருக்கு முகவரி எழுதிக் கொடுப்பதாகும். மலைத்தொடரின் பெயரோ உறுப்பின் அடையாளமோ பாதுகாப்பானது.

9. வகை மாதிரியும் அதன் இருப்பிடமும்

ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமாகும் முதன்மை மாதிரி) என்று குறிப்பிட்டு, அது எந்தத் தொகுப்பில் உள்ளது என்பதையும் கட்டுரையிலேயே எழுத வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பெயர் செல்லாது. அதே சேகரிப்பின் பிற தாள்கள் ஐசோடைப்கள். உலர்ந்த தாளும் எத்தனால் புட்டியும் ஒரே மாதிரியின் பகுதிகளாகக் கருதப்பட வேண்டுமானால் இரண்டிலும் அவ்வாறு தெளிவாகக் குறிப்பு இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தின் அலமாரியில் ஹோலோடைப்பை வைத்துக்கொள்வது பொறுப்பற்ற செயல். துறைத்தலைவர் மாறியதும் அலமாரியும் மாறும். கோயம்புத்தூரின் மதராஸ் தொகுப்பு, ஹவுராவின் மத்தியத் தேசியத் தொகுப்பு போன்ற நிலையான இடங்களில் வைத்து, ஐசோடைப் ஒன்றை வேறொரு நகரத்தில் வைப்பது நல்லது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, புதிய இனத்தைக் கண்டவர் அதற்கென நியமிக்கப்பட்ட நிறுவனத்துக்குத் தெரிவித்துச் சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை அத்தகைய நிறுவனங்களில் ஒன்று.

10. அழிவு நிலையும் இடத்தை மறைத்தலும்

புதிய சிற்றினத்துக்குப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) அளவுகோலின்படி தற்காலிக மதிப்பீடு ஒன்றை எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களால் கணக்கிடுவதால், ஒரே இடத்தில் மட்டும் அறியப்பட்ட செடியின் வாழிடப் பரப்பு 4 சதுர கிலோமீட்டர் என்று வந்துவிடும். அது மிக அருகிய நிலைக்கான 10 சதுர கிலோமீட்டர் வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் பரப்பு சிறிது என்பது மட்டும் போதாது. இருப்பிட எண்ணிக்கை அல்லது துண்டுபட்ட நிலை, தொடர்ந்த சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்று துணை நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு நிறைவேற வேண்டும். சீகை (வாட்டில்) மரமும் பைன் மரமும் புல்வெளிக்குள் பரவுவதை நேரில் கண்டு படமெடுத்திருந்தால் சரிவுக்குச் சான்று உண்டு. முதிர்ந்த செடிகள் 50க்கும் குறைவு என்பது தனி அளவுகோல். ஆனால் கிழங்குகள் சில ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே உறங்கிவிடக்கூடும் என்பதால் ஒரே பருவத்தின் எண்ணிக்கையை நம்புவது ஆபத்து. அருகிலுள்ள ஒத்த சரிவுகளில் தேடிப் பார்க்காதவர் தரவு போதாது என்று எழுதுவதே நேர்மை.

துல்லியமான ஜி.பி.எஸ். அளவைக் கட்டுரையில் அச்சிட வேண்டாம். மாதிரித் தாளில் அது முழுமையாக இருக்கட்டும். கட்டுரையில் மலைத்தொடரும் உயர வரம்பும் போதும். படத்தைச் சமூக ஊடகத்தில் இடுவதற்கு முன் கைப்பேசி அதில் பதித்த இடக்குறிப்பை நீக்க வேண்டும்.

11. வெளியீடும் அதற்குப் பிறகும்

ரீடியா, நெலும்போ, ஃபைட்டோடாக்சா, கியூ புல்லட்டின், ஆர்க்கிட்களுக்கென்றே உள்ள லங்கெஸ்டெரியானா போன்ற ஆய்விதழ்கள் இத்தகைய கட்டுரைகளை ஏற்கின்றன. ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண் கொண்ட இணைய இதழில் பி.டி.எஃப். வடிவில் வெளியானாலும் 2012 முதல் அது முறையான வெளியீடுதான். முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதிய பெயர் பொதுவாக வெளியிடப்பட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. 1953 முதல் செய்தித்தாளில் வந்த பெயருக்கும் மதிப்பில்லை. கட்டுரை வெளிவரும் முன் பெயரைச் செய்தியாளரிடம் சொல்வதால் நன்மை எதுவும் இல்லை. அதே செடியை வேறொருவர் முந்திக்கொண்டு விவரிக்கும் வாய்ப்புத்தான் கூடும்.

வெளியான பின் ஐ.பி.என்.ஐ. பட்டியலில் பெயர் சரியான எழுத்தோடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுரையின் படி ஒன்றையும் தமிழ்ச் சுருக்கத்தையும் வனச்சரக அலுவலகத்தில் கொடுத்தால், அந்தச் சரிவில் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போதும் சாலையோரப் புதரை அகற்றும்போதும் ஜூலை முதல் அக்டோபர் வரை அந்தப் பகுதியை விட்டுவிடும்படி கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது. தொகுப்புகளில் முன்பு கண்ட அடையாளம் காணப்படாத தாள்களுக்கு, புதிய பெயரும் தேதியும் கையொப்பமும் கொண்ட திருத்தச் சீட்டுகளை அனுப்பி ஒட்டச் சொல்ல வேண்டும். பழைய சீட்டின் மேல் ஒட்டக் கூடாது, அதன் அருகில் ஒட்ட வேண்டும்.